முழங்காலுக்கு வந்த விருந்தாளிகள்

மார்கிலானில் சலூன்காரர் ஹம்ராகுலைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் ஊருக்குப் புதியவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் தலையில் முடி இல்லாதவராக இருக்க வேண்டும். முப்பத்தைந்து வருடமாக ஒரே கடை, ஒரே நாற்காலி. கத்தரிக்கோல் பிடிப்பதில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கலாம். மரியாதையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. யார் உள்ளே வந்தாலும் எழுந்து நிற்பார். வலது கையை நெஞ்சில் வைத்து, வந்தவரின் உடம்பு, வீட்டில் இருப்பவர்கள், பிள்ளைகள், வேலை, கடைசியில் மாடு கன்று வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் உட்காருவார். கைக்குழந்தையோடு யாராவது வந்தால் தூக்கி வந்தவருக்கு ஒரு சலாம், குழந்தைக்குத் தனியாக ஒரு சலாம்.

இப்படி நின்றே பிழைத்த மனிதரின் வலது முழங்கால், அவருடைய அறுபத்துமூன்றாவது வயதில், போதும் என்று சொல்லிவிட்டது. பிப்ரவரியில் மனைவி சலோமத் அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் எல்முரோத் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"எலும்பும் எலும்பும் உரசுது. மூட்டையே மாத்தணும். மே மாசக் கடைசியில தேதி தர்றேன். ஆபரேஷனை நான் பண்ணிடுவேன். ஆனா மறுநாள் உங்களை எழுப்பி நிறுத்தப்போறது நான் இல்ல, உங்க தொடைதான். அதுக்கு இப்பவே பலம் ஏத்துங்க." படம் போட்ட ஒரு தாளையும் கொடுத்தார். முழங்காலுக்கு அடியில் டவலைச் சுருட்டி வைத்து அமுக்க வேண்டும். படுத்தபடி காலை நேராகத் தூக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழ வேண்டும், ஒரு நாளைக்கு முப்பது தடவை.

ஹம்ராகுல் படத்தையும் பார்க்கவில்லை, தாளையும் பார்க்கவில்லை. டாக்டரின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் வாயைத் திறந்தார். "இடது காதுக்கு மேல ஒரு விரல் அளவு தூக்கலா நிக்குது, பாத்தியா? தன் தலையையே கவனிக்காத ஆளு என் காலை எப்படிக் கவனிப்பாரு?"

"அவரு தலையால ஆபரேஷன் பண்ணலை, கையால பண்றாரு. பேசாம வாங்க," என்றாள் சலோமத்.

அவளுக்கு வேறு கவலை. செப்டம்பரில் கடைக்குட்டி தில்நவோஸின் கல்யாணம். கல்யாணத்தன்று விடியற்காலையில் ஆண்களுக்குப் பலாவ் என்கிற கறிச்சோற்று விருந்து. இருநூறு பேர் வருவார்கள். பெண்ணின் தகப்பன் நீள அங்கியும் இடுப்பில் துணியும் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, ஒருவர் விடாமல் நெஞ்சில் கை வைத்து வரவேற்க வேண்டும். மூத்த மகளின் கல்யாணத்தில் ஹம்ராகுல் மூன்று மணி நேரம் நின்றார். ஊரே அதைச் சொல்லிச் சொல்லி மெச்சியது. இந்தத் தடவை அவரால் முடியாவிட்டால், அவருடைய அக்காள் புருஷன் தோலிப்ஜான் நிற்பார். தோலிப்ஜான் நிற்பதற்கு எப்போதும் தயார். அடுத்தவர் வாசல் என்றால் அவருக்கு ஒரு தனி மிடுக்கு வந்துவிடும், தொப்பையே அரை வாசலை அடைத்துக்கொள்ளும்.

"என் மக கல்யாணத்துல நான் உள்ளே உக்காந்திருக்க, அந்தத் தோலிப்ஜான் என் வாசல்ல நிக்கறதா? அதுக்கு அந்தக் காலை வெட்டியே எடுக்கச் சொல்லு," என்றார் ஹம்ராகுல். அன்று இரண்டு கிண்ணம் டீயை ஆறவிட்டார். சலோமத்துக்குப் புரிந்துவிட்டது.

சரி, காலைக் காப்பாற்ற வேண்டுமா, உடற்பயிற்சியைத் தொடங்க வேண்டும். ஆனால் அதற்குள் செய்தி பீபிசோராவின் காதுக்குப் போய்விட்டது. பீபிசோரா ஹம்ராகுலின் அக்கா, தோலிப்ஜானின் மனைவி. அழுதுகொண்டே வந்தாள், அழுதுகொண்டே சமையலறைக்குள் நுழைந்தாள், அதற்குப் பிறகு மூன்று வாரம் வெளியே வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஆபரேஷனுக்குப் போற ஆளு! உடம்புல பலம் சேர்க்க வேண்டாமா? படுடா தம்பி, அசையாதே. இருக்கிற கொஞ்ச நஞ்ச முழங்காலையும் தேய்ச்சுராதே!"

ஏழு மெத்தையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அவரை அதில் கிடத்தினாள். காலையில் ஆட்டு வால்கொழுப்பு போட்ட சூப், மத்தியானம் பலாவ், சாயங்காலம் சம்சா, நடுநடுவே பாலாடையும் தேனும். அக்கம்பக்கத்துப் பெண்களும் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு தட்டு மூடி எடுத்து வந்தார்கள். நோயாளியைப் படுக்க வைத்து ஊட்டுவதில் எங்கள் ஊர்க்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது. அன்பு என்று வந்துவிட்டால் ஆளைக் கொன்றுவிட்டுத்தான் ஓய்வோம்.

மார்ச் கடைசியில் டாக்டர் மறுபடி சோதித்தார். எடை ஆறு கிலோ கூடியிருந்தது. தொடையை அமுக்கிப் பார்த்தார். பிசைந்த மாவு மாதிரி விரல் உள்ளே போயிற்று. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். ஹம்ராகுலால் ஒரு தடவைகூட எழ முடியவில்லை.

"என்னங்க இது? இப்படியே வந்தீங்கன்னா மே மாசம் கிடையாது. வேற ஆளுக்குத் தேதியைக் கொடுத்திருவேன். அப்புறம் அடுத்த வருஷம்தான். எட்டு வாரம் இருக்கு, பாத்துக்கங்க," என்றார் டாக்டர்.

அடுத்த வருஷம்! சலோமத் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மெத்தைகளை உருவினாள். இரண்டாவது வேலையாக வால்கொழுப்பை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். மூன்றாவதாக, தெருமுனையில் பூட்டிக் கிடந்த கடையிலிருந்து சலூன் நாற்காலியைக் கைவண்டியில் ஏற்றி வரச் சொல்லி, முற்றத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே போட்டாள். இரும்புக் காலும் தோல் மெத்தையும் வைத்த பழைய நாற்காலி. காலால் மிதித்தால் பல் பல்லாக ஏறும், இறங்கும். முழங்கால் மோசமானவர்கள் முதலில் உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து பழகி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்த வேண்டும் என்று தாளில் போட்டிருந்தது. இதைவிட வசதியான நாற்காலி உலகத்தில் ஏது?

ஹம்ராகுலுக்கு அது பிடிக்கவில்லை. "இது வாடிக்கைக்காரங்க உக்கார்ற நாற்காலி. முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு நாள் நான் இதுல உக்காந்ததில்லை."

"இப்ப உக்காருங்க. உக்காந்து எந்திரிங்க. ஒண்ணு, ரெண்டுன்னு நான் எண்றேன்."

"எதுக்கு எந்திரிக்கணும்?"

"எதுக்குன்னா? உடற்பயிற்சி!"

"வேலை வெட்டி இல்லாம ஒரு மனுஷன் எந்திரிச்சு, மறுபடி உக்காந்து, மறுபடி எந்திரிச்சு... எதிர்ல ஆளும் இல்ல, அவசியமும் இல்ல. பாக்கறவங்க முழங்கால் போகலை, மூளை போயிருச்சுன்னு சொல்லுவாங்க."

மூன்று நாள் இந்த வழக்கு நடந்தது. டவலை மட்டும் யாருக்கும் தெரியாமல் போர்வைக்குள் அமுக்கினார். எழுந்திருக்கவே இல்லை. மூன்றாம் நாள் சலோமத் அழும் நிலைக்கு வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு கோச்கர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், கடிதம் கொடுக்கும் வேலை போனபின் செய்தி கொடுக்கும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டவர்.

"அஸ்ஸலாமு அலைக்கும் ஹம்ராகுல் அண்ணே! வாய்க்கால்ல தண்ணி விட்டாச்சு!"

சலோமத் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஹம்ராகுலின் கை தானாக நாற்காலியின் பிடிக்குப் போனது. பல்லைக் கடித்தார், எழுந்தார், நெஞ்சில் கை வைத்தார். "வ அலைக்கும் ஸலாம்! நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா? பிள்ளைங்க? மாடு?" எல்லாம் நல்லபடியாக இருந்தன. உட்கார்ந்தார். கோச்கர் கிளம்பினார். விருந்தாளி கிளம்பினாலும் எழ வேண்டும் அல்லவா? மறுபடி எழுந்தார். கோச்கர் போன கையோடு அவர் மனைவி தான் கொடுத்த தட்டைத் திரும்ப வாங்க வந்தாள். வந்ததற்கு ஒன்று, போனதற்கு ஒன்று.

நான்கு. பத்து நிமிஷத்தில் நான்கு தடவை, ஒரு முணுமுணுப்பு இல்லாமல்!

அன்று மத்தியானமே சலோமத் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். தெருவில் பன்னிரண்டு வீடு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று விஷயத்தைச் சொன்னாள்.

"வரும்போது ஒரு தடவை எந்திரிப்பாரு, போகும்போது ஒரு தடவை. ஒரு நாளைக்கு பதினஞ்சு பேர் வந்தா முப்பது ஆச்சு. ஆனா ஒண்ணு. உங்களுக்கு டீ கிடையாது. டீ கொடுத்தா நீங்க கிளம்ப மாட்டீங்க."

டீ கிடையாது என்று ஒரு மார்கிலான்காரி தன் வாயால் சொல்வது சாதாரண விஷயமில்லை. சொல்லும்போது அவளுக்கே முகம் சிவந்துவிட்டது. தெரு முழுக்க ஒரே சிரிப்பு. கல்யாண வேலையைவிட உற்சாகமாக ஆளாளுக்கு நேரம் பிரித்துக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து ஹம்ராகுல் வீட்டுக் கதவு மூடவே இல்லை. ஒருத்தி சல்லடை இரவல் கேட்டு வந்தாள். அரை மணியில் இன்னொருத்தி அதே சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். அதற்கு அடுத்தவள் அதையே மறுபடி இரவல் கேட்டாள். அந்த வசந்த காலத்தில் அந்தச் சல்லடையில் யாரும் ஒரு பிடி மாவுகூடச் சலிக்கவில்லை. பள்ளிவாசல் இமாம் தொழுகைக்குப் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை எட்டிப் பார்த்தார். கோச்கர் தினம் மூன்று தடவை வாய்க்காலில் தண்ணீர் விட்ட செய்தியோடு வந்தார். ஒரு தடவை வாய்க்கால் காய்ந்து கிடந்தது.

"தண்ணி விட்டாச்சு அண்ணே!"

"எங்கே விட்டாங்க? இப்பத்தான் தில்நவோஸ் வந்து வாய்க்கால் காஞ்சு கிடக்குன்னு சொன்னாளே?"

கோச்கர் கொஞ்சம் திணறினார். "விடப் போறாங்க அண்ணே. அதைத்தான் சொல்ல வந்தேன்."

சலோமத் அடுப்பங்கரை ஜன்னலில் நின்று வாயைத் துணியால் பொத்திக்கொண்டு எண்ணினாள். வெள்ளிக்கிழமை ஹம்ராகுல் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, மிதியை ஒரு அழுத்து அழுத்தி நாற்காலியை ஒரு பல் இறக்கினாள். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு பல். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியின் பிடியைப் பிடித்து எழுந்தவர், மூன்றாவது வாரம் ஒரு கையை மட்டும் ஊன்றினார். ஐந்தாவது வாரம் விரல் நுனிகள் மட்டும்.

சில நாள் ஆள் குறையும். மழை பெய்தால் இருபத்தாறோடு நின்றுவிடும். அப்போதெல்லாம் சலோமத்துக்கு ஒரு நினைப்பு வரும். 'நானும்தான் ஒரு நாளைக்கு நாற்பது தடவை இந்த ஆள் முன்னால் வந்து போகிறேன். டீ, ரொட்டி, மருந்து, டவல். எனக்கு ஒரு தடவை எழுந்தால்கூட இந்தத் தெருவை நான் கெஞ்ச வேண்டியிருக்காதே!' ஆனால் பெண்டாட்டிக்கு யார் எழுந்திருக்கிறார்கள்? அவள் அப்பா அவள் அம்மாவுக்கு எழுந்ததில்லை. அப்படி ஒன்றைக் கேட்டாலே சிரிப்பார்கள். அவளே சிரித்துக்கொண்டாள். இருந்தாலும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

ஏப்ரல் நடுவில் பீபிசோராவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவள் வால்கொழுப்புப் பாத்திரத்தோடு வந்த நேரம், வாசலில் சல்லடையோடு இருவர் முறைக்கு நின்றுகொண்டிருந்தார்கள்.

"அடிப்பாவி! நோயாளியை வெச்சுத் தெருக்கூத்தா நடத்தறே? என் தம்பி என்ன, கோழியா? எந்திரி, உக்காரு, எந்திரி, உக்காரு! போங்க எல்லாரும்! ஆள் படுத்திருக்கான்னு சொல்லுங்க!"

கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாள் ஒரு ஈ உள்ளே வரவில்லை. கோச்கர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று "தண்ணி விட்டாச்சு!" என்று கத்திப் பார்த்தார். ஹம்ராகுல் உட்கார்ந்தபடியே பதிலுக்குக் கத்தினார். அதனால் பயன் இல்லை.

மூன்றாம் நாள் பீபிசோரா தன் வீட்டிலிருந்து கிளம்பி வருவதைப் பார்த்து சலோமத் வாசலிலேயே மறித்தாள். நாத்தனார் சண்டை எங்கே போய் முடியும் என்று தெரியும். அதனால் குரலை உயர்த்தவில்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க உள்ளே போறப்ப அவரு படுத்தே கிடந்தா உங்களுக்குச் சம்மதமா? அக்கா வந்திருக்கேன், தலையைக்கூடத் தூக்கலைன்னு மனசு கஷ்டப்படாதா?"

"அது எப்படி? அவன் என் தம்பி. கால் இருக்கிற வரைக்கும் எனக்கு எந்திரிப்பான்!"

"அந்தக் கால் இருக்கணும்னுதான் அக்கா இவ்வளவும்."

பீபிசோரா உள்ளே போனாள். ஹம்ராகுல் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். போன மாதம் அவள் வந்தபோதெல்லாம் இரண்டு கையையும் பிடித்து அவளேதான் தம்பியைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. இன்று அவள் சலாம் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து நின்றார். ஒரு கைதான் நாற்காலியில் இருந்தது, மற்ற கை நெஞ்சில்.

"வாங்கக்கா. நல்லா இருக்கீங்களா? மச்சான் நல்லா இருக்காரா?"

பீபிசோரா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். இந்தத் தடவை வேறு அழுகை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள், வெளியே போனாள். அவரும் எழுந்தார். கதவுக்கு வெளியே பத்து எண்ணிவிட்டு மறுபடி உள்ளே வந்தாள். "அஸ்ஸலாமு அலைக்கும்!" அவர் எழுந்தார். அன்று மட்டும் அவள் பதினொரு தடவை வந்து போனாள். கடைசியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவள் அவள்தான். அந்த மே மாதம் அவளுக்கே மூன்று கிலோ குறைந்தது.

மே மாதம் மூன்றாவது வாரம் டாக்டர் கூப்பிட்டார். இந்தச் சோதனையில்தான் தேதி நிலைக்குமா போகுமா என்பது தெரியும்.

டாக்டர் கையில் கடிகாரத்தை எடுத்தார். "கையைக் கட்டிக்கங்க. அரை நிமிஷத்துல எத்தனை தடவை எந்திரிக்கிறீங்கன்னு பார்ப்போம். ஆரம்பிங்க."

ஹம்ராகுல் அசையவில்லை. டாக்டரைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"எந்திரிங்க அண்ணே."

"யாருக்கு?"

"யாருக்கா?"

"நீங்க ஏற்கெனவே உள்ளே இருக்கீங்க. வரும்போது உங்களுக்கு எந்திரிச்சாச்சு. இப்ப சும்மா சும்மா எதுக்கு எந்திரிக்கணும்?"

டாக்டரின் முகத்தில் கோபம் ஏறுவது சலோமத்துக்குத் தெரிந்தது. எட்டு வாரம், பன்னிரண்டு வீடு, ஒரு சல்லடை, எல்லாம் வீணாகப் போகிறதே என்று பதறிவிட்டாள். "டாக்டர் தம்பி, கோவிச்சுக்காதீங்க. இவருக்கு ஆள் வந்தாத்தான் கால் எந்திரிக்கும். நீங்க கொஞ்சம் வெளிய போயிட்டு உள்ளே வாங்க."

"நானா?"

"சலாம் சொல்லிட்டு வரணும்."

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடிகாரத்தை வாங்கிக்கொண்டாள். படித்த மனிதர், நூற்றுக்கணக்கான முழங்கால்களைத் திறந்து பார்த்தவர், தன் சொந்த அறைக் கதவுக்கு வெளியே போய் உள்ளே வந்தார். "அஸ்ஸலாமு அலைக்கும்!" ஹம்ராகுல் சட்டென்று எழுந்தார். டாக்டர் வெளியே போனார், அவர் எழுந்து வழியனுப்பினார். மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. நடைகூடத்தில் காத்திருந்த நோயாளிகள் டாக்டருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று எட்டிப் பார்த்தார்கள். அரை நிமிஷம் முடிந்தபோது டாக்டரின் தலை இரண்டு பக்கமும் கலைந்திருந்தது.

"பன்னெண்டு!" என்று நர்ஸ் கத்தினாள்.

"இவர் வயசுக்கு இது போதும்," என்றார் டாக்டர், கதவைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு. "நான்தான் உடம்பைக் கவனிக்கணும் போல இருக்கு."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை ஹம்ராகுல் கட்டிலில் வெளுத்துப்போய்க் கிடந்தார். கால் தன்னுடையது மாதிரியே இல்லை, யாரோ நெருப்பை மூட்டி உள்ளே வைத்த மாதிரி இருக்கிறது என்றார். பக்கத்துக் கட்டில்காரரை எழுப்பி நிறுத்த இரண்டு ஆள் தேவைப்பட்டதை சலோமத் அப்போதுதான் பார்த்திருந்தாள். நர்ஸ் கைப்பிடி வைத்த நடைச் சட்டத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, கட்டிலின் விளிம்பில் உட்கார வைத்தாள். "மெதுவா. அவசரம் இல்லை. நானும் இன்னொருத்தரும் தூக்கி விடறோம், இருங்க." ஆளைக் கூப்பிட வாசல் பக்கம் திரும்பினாள்.

வாசலில் டாக்டர் எல்முரோத் வந்து நின்றார். "அஸ்ஸலாமு அலைக்கும்."

யாரும் தூக்கிவிடவில்லை. ஒரு கை சட்டத்தைப் பிடித்தது, தொடை இறுகியது, ஹம்ராகுல் எழுந்துவிட்டார். நெற்றியில் வியர்வை கொட்டியது. மற்ற கை நெஞ்சுக்கு வந்தது. "வ அலைக்கும் ஸலாம் டாக்டர் தம்பி. நல்லா இருக்கீங்களா? வீட்ல நல்லா இருக்காங்களா? பிள்ளைங்க?"

டாக்டரும் தன் கையை நெஞ்சில் வைத்தார். "எல்லாரும் நல்லா இருக்காங்க அண்ணே. உக்காருங்க."

"உக்கார்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்த இடது காதுக்கு மேல நிக்குதே, அதை மட்டும் வேற யார்கிட்டேயும் கொடுத்துராதீங்க. ரெண்டு மாசத்துல கடையைத் திறந்துருவேன்."

சொன்னபடியே ஆகஸ்டில் கடையைத் திறந்தார். முதல் வாடிக்கைக்காரர் டாக்டர்தான்.

செப்டம்பரின் கடைசி ஞாயிறு. வெளிச்சம் வருவதற்கு முன்னாலேயே பெரிய அண்டாவில் பலாவ் வெந்துவிட்டது. ஹம்ராகுல் புது அங்கி போட்டு, இடுப்பில் துணி கட்டி, நாலு மூலைத் தொப்பியை நேராக்கி, வாசலில் நின்றார். தெருக்காரர்கள் ஒரு முன்ஜாக்கிரதைக்கு சலூன் நாற்காலியை அவர் பின்னால் போட்டு வைத்திருந்தார்கள். தோலிப்ஜானும் தன் அங்கியோடு இரண்டு அடி தள்ளி, கூப்பிட்டால் வருவதற்குத் தயாராக நின்றார். யாரும் கூப்பிடவில்லை. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, பாவம், அவர் பலாவ் சாப்பிடப் போய்விட்டார்.

இருநூறு பேர் வந்தார்கள், இருநூறு பேர் போனார்கள். ஒவ்வொருவருக்கும் நெஞ்சில் கை. கோச்கர் வந்தபோது "தண்ணி விட்டாச்சா?" என்று ஹம்ராகுலே முந்திக்கொண்டு கேட்டார். வரிசையில் நின்றவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்து ஜன்னலிலிருந்து சலோமத் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பழக்கதோஷம், எண்ணவும் எண்ணினாள். ஐம்பதுக்கு மேல் கண்ணீர் மறைத்ததால் எண்ணிக்கையை விட்டுவிட்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அழுது வெகு காலம் ஆகியிருந்தது.

கடைசி ஆளும் போனபின், வெயில் சுவரில் ஏறும் நேரத்தில், ஹம்ராகுல் நாற்காலியில் உட்கார்ந்தார். புது முழங்காலை நீட்டித் தேய்த்துக்கொண்டார். சலோமத் டீக் கெண்டியும் கிண்ணமும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள், எப்போதும் வருகிற மாதிரி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கையை எங்கேயும் ஊன்றாமல் எழுந்து நின்றார். வலது கை நெஞ்சுக்குப் போயிற்று.

"அஸ்ஸலாமு அலைக்கும். வாங்க. நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா? பிள்ளைங்க?"

சலோமத் திரும்பிப் பின்னால் பார்த்தாள், வேறு யாராவது வருகிறார்களோ என்று. யாரும் இல்லை. முப்பத்தொன்பது வருஷத்தில் அவளை அவர் 'வாங்க' என்று சொன்னதில்லை. கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

"வ அலைக்கும் ஸலாம்," என்றாள். "எல்லாரும் நல்லா இருக்கோம். பிள்ளைக்கு இன்னிக்குத்தான் கல்யாணம். வீட்டுக்காரருக்குத்தான் முழங்கால்ல கொஞ்சம் தொந்தரவு இருந்துச்சு. இப்ப பரவாயில்லை."

"அவருக்கு நல்ல பெண்டாட்டி அமைஞ்சிருப்பாங்க."

"அப்படித்தான் தெருவுல பேசிக்கிறாங்க."

"உக்காருங்க," என்று நாற்காலியைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள். அவள் குள்ளம், கால் தரையில் எட்டவில்லை. ஹம்ராகுல் வலது காலைத் தூக்கி, மிதியை ஒரு அழுத்து அழுத்தினார். நாற்காலி ஒரு பல் இறங்கியது.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு பல். முப்பத்தஞ்சு வருஷமா ஊரையே உக்கார வெச்ச நாற்காலி, அது இறங்கினா எனக்குத் தெரியாதா? அந்தச் சல்லடையும் நம்ம வீட்டுச் சல்லடைதான்."

"தெரிஞ்சும் ஏன் பேசாம இருந்தீங்க?"

"வந்தவங்க விருந்தாளிங்க. அவங்ககிட்ட எப்படிக் கேக்கறது?" இன்னொரு தடவை மிதித்தார். அவள் கால் தரையைத் தொட்டது. பிறகு அவள் கையிலிருந்த கெண்டியையும் கிண்ணத்தையும் வாங்கி, டீ ஊற்றி, அவளுக்கே நீட்டினார்.

அவள் குடித்து முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டிருந்தார்.